வாக்குத்தத்த வசனத்துக்கு முன்னும் பின்னும்: வேதாகமம் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துச் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தால், அதில் இருக்கும் வசனம் அந்த வருடத்துக்கு உங்களுடையது. புளியந்தீவிலும் சரி, கல்லாற்றிலும் சரி, கல்முனையிலும் சரி, எத்தனையோ வீடுகளில் முன்கதவுக்கு மேலேயோ பிரிட்ஜ் கதவிலோ அந்த அட்டை வருடம் முழுக்க ஒட்டியிருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. கடவுளுடைய வார்த்தையைக் கண்படும் இடத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் வேதாகமத்தோடு ஒருவருக்கு இருக்கும் உறவு முழுவதும் அந்த அட்டையோடு நின்றுவிட்டால், வருடத்தின் நடுவில் ஏதோ ஒரு நாள் அது அவரைக் கலங்க வைக்கும். வேலை போகும். அம்மாவுக்கு வருத்தம் வரும். வெள்ளம் வயலை மூடும். "ஆண்டவர் வாக்குத் தந்தாரே, பிறகு ஏன் இப்படி?" என்ற கேள்வி அப்போது எழும்.

அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அட்டையில் அச்சிடப்படாத வரிகளில் இருக்கிறது. ஒரு வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, அதை யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னார் என்று பார்த்து வாசிப்பதைச் 'சூழலோடு வாசிப்பது' என்கிறோம். புதிதாக வாசிக்கத் தொடங்குகிற ஒருவர் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வேதாகமத்தை இன்றைய வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்ற கேள்விக்கும் இங்கிருந்துதான் வழி பிறக்கிறது.

பேசிக்கொண்டே போகாமல் ஒரு வசனத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்.

எரேமியா எழுதிய கடிதம்

அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." திருமண அழைப்பிதழ், பிறந்தநாள் வாழ்த்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு அனுப்பும் வட்ஸ்அப் செய்தி என்று இந்த வசனம் போகாத இடம் இல்லை. தனியாக வாசித்தால், 'நான் எதிர்பார்த்தது சீக்கிரம் நடக்கும்' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இப்போது அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். இது ஒரு கடிதம் என்பது உடனே தெரிந்துவிடும். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜா எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். அப்படி ஊரை விட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, எருசலேமில் இருந்தபடி எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது இது. எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் கொடுத்து அனுப்பினார் என்பதுகூட மூன்றாம் வசனத்தில் இருக்கிறது.

வீடு வாசல் இழந்து தெரியாத தேசத்தில் இருக்கிறவர்கள் எதைக் கேட்க ஏங்கியிருப்பார்கள்? எப்போது ஊருக்குப் போகலாம் என்பதைத்தான். இடம்பெயர்ந்து பாடசாலைக் கட்டடங்களில் படுத்துறங்கியவர்களுக்கும், 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் கரையோரத்தை விட்டு முகாமுக்குப் போனவர்களுக்கும் அந்த ஏக்கத்தை விளக்கத் தேவையில்லை. அந்த ஏக்கத்துக்கு இனிப்பான பதில் சொல்ல அப்போதும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு அதிகாரம் பின்னால் போய் 28ஐ வாசித்தால் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். கொண்டுபோன எல்லாமும் இரண்டு வருடத்தில் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் அறிவிக்கிறான். அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவும்கூட முதலில் "ஆமென்" என்றுதான் சொல்கிறார். அப்படி நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தானே. ஆனால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல.

கர்த்தர் சொன்னது 29:10இல் இருக்கிறது: "பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு". எழுபது வருடம்! கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலானோர் அதைக் காணப்போவதில்லை. பதினோராம் வசனம் இதற்கு அடுத்த வரிதான். அட்டையில் பதினொன்று இருக்கிறது, பத்து இல்லை.

சரி, எழுபது வருடம் என்ன செய்வது? கடிதத்தின் தொடக்கத்தில் அதற்கும் பதில் உண்டு. வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அங்கே குறுகிப்போகாமல் பெருகுங்கள். அதற்குப் பிறகு வருகிற ஏழாம் வசனம்தான் அவர்களை உலுக்கியிருக்கும்: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதின் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானமிருக்கும்." தங்கள் ஊரை அடித்து நொறுக்கியவர்களின் பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறார்.

இப்போது பதினோராம் வசனத்துக்குத் திரும்பி வாருங்கள். அது சின்னதாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இந்த வருடம் விசா கிடைக்கும்' என்ற உறுதிமொழியாக அதைப் பிடித்திருந்தால், விசா மறுக்கப்பட்ட அன்றே கைநழுவிப்போகும். கடிதமாக வாசித்தவருக்கு அது வேறு விதமான பலத்தைத் தருகிறது. நாம் நினைத்ததைவிட நீண்ட காலம் எடுத்தாலும் கடவுள் தம் ஜனத்தை மறக்கவில்லை. அந்த நீண்ட காலம் வெறும் காத்திருப்பும் அல்ல, அதற்குள்ளேயே வீடும் தோட்டமும் கல்யாணமும் பிள்ளைகளும் உண்டு. கட்டாரில் இன்னும் எத்தனை வருடமோ என்று எண்ணிக்கொண்டிருக்கும் கணவருக்கும், இங்கே பிள்ளைகளோடு தனியாக இருக்கும் மனைவிக்கும் இதைவிட நேர்மையான ஆறுதல் வேறு என்ன இருக்கிறது?

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு எழுதிய நாலு பக்கக் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டி, மிச்சத்தை யாரும் வாசிக்காமல் விடமாட்டோம். எரேமியாவின் கடிதத்துக்கு மட்டும் அதைச் செய்துவிடுகிறோம். அதற்கு ஒரு காரணம் வசன எண்கள். எரேமியா எழுதும்போது 29 என்றோ 11 என்றோ எதுவும் இருக்கவில்லை. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்பவரின் காலத்தில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை 1551இல் ரொபேர் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர் போட்டார். தேடி எடுக்க அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் ஒவ்வொரு வசனமும் தன்னந்தனியாக நிற்கிற மாதிரியான ஒரு எண்ணத்தையும் அவை உண்டாக்கிவிட்டன. வாசிக்கும்போது எண்களைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்.

அழுதவர்களும் அதே ஆட்கள்தான்

பாபிலோனுக்குப் போன அந்த ஜனத்தின் இன்னொரு குரல் சங்கீதம் 137இல் கேட்கிறது. "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்" என்று தொடங்கும். பாட்டுப் பாடச் சொல்லிச் சிறைபிடித்தவர்கள் கேட்க, கின்னரங்களை மரத்தில் தொங்கவிட்டுவிட்டு அழுகிறார்கள். கடைசி வசனத்துக்கு வந்தால் உடல் நடுங்கும். பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று அது முடிகிறது.

புதிதாக வாசிக்கிற பலர் இந்த இடத்தில் வேதாகமத்தை மூடிவைத்துவிடுவார்கள். இப்படியும் வேதத்தில் இருக்குமா என்று கேட்பார்கள். இருக்கும். சங்கீதங்கள் மனிதர் கடவுளிடம் சொன்னவை. தாங்க முடியாத இழப்பில் ஒரு ஜனம் என்ன நினைத்ததோ அதை ஒளிக்காமல் கடவுளிடமே கொட்டியிருக்கிறது. அதை எழுதி வைத்திருப்பது, 'நீங்களும் போய் அப்படிச் செய்யுங்கள்' என்று சொல்வதற்காக அல்ல. அந்த ஜனத்துக்குக் கடவுள் என்ன செய்யச் சொன்னார் என்பது எரேமியாவின் கடிதத்தில் இருக்கிறது: அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். கோபத்தைக் கடவுளிடம் சொல்லலாம். கையை அயலவர் மேல் வைக்கக்கூடாது.

இந்த ஊரில் இதை ஏட்டுப் பாடமாக மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்த சிறுபிள்ளைகள். அந்த நாட்களில் சங்கீதம் 137இன் கடைசி வரி ஏன் எழுதப்பட்டது என்று இந்த மாவட்டத்தில் பலருக்கு முதன்முறையாக விளங்கியிருக்கும். அதே நாட்களில்தான் "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற மத்தேயு 5:44உம் வெறும் மனப்பாட வசனமாக இல்லாமல் போனது.

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிமும் ஏறாவூரில் ஆட்டோ ஓட்டும் முஸ்லிமும் குண்டு வைத்தவர்கள் அல்ல. அவர்களிடம் சாமான் வாங்குவதை நிறுத்தச் சொல்லிச் செய்தி வந்தபோது அதை அனுப்பாமல் அழித்த கிறிஸ்தவர், எரேமியா 29:7ஐ வாசித்து நடந்தவர் என்றே நான் சொல்வேன். போர்க்காலத்தில், 1990இல் நடந்த சாவுகளைத் தமிழரும் சுமக்கிறார்கள், முஸ்லிம்களும் சுமக்கிறார்கள். வாவியின் இரண்டு பக்கமும் ஒரே சந்தையையும் ஒரே பஸ்ஸையும் ஒரே போதனா வைத்தியசாலையையும் நம்பி வாழ்கிற மாவட்டம் இது. இங்கே ஒரு சமூகத்துக்கு மட்டும் தனியாகச் சமாதானம் வராது. "அதின் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானமிருக்கும்" என்பதை இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. இரத்ததானம் செய்வது, டெங்குக் காலத்தில் தெருவை எல்லா வீட்டாரோடும் சேர்ந்து துப்புரவாக்குவது, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போவது போன்ற ஆன்மீகமாகத் தெரியாத காரியங்கள் எல்லாம் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

கட்டளை எது, கதை எது

வேதாகமம் ஒரே புத்தகமாகக் கட்டப்பட்டிருந்தாலும் உள்ளே ஒரு நூலகம் இருக்கிறது. புரட்டஸ்தாந்து சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73. சட்டம், வரலாறு, பாட்டு, பழமொழி, தீர்க்கதரிசனம், சுவிசேஷம், கடிதம் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாசிக்க முடியாது.

நீதிமொழிகள் 26ஐத் திறந்து பாருங்கள். நான்காம் வசனம், மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. ஐந்தாம் வசனம், பதில் சொல் என்கிறது! பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சட்டப் புத்தகமாக இருந்தால் இது முரண்பாடு. இது ஞானப் புத்தகம். எந்த நேரத்தில் வாய்திறக்க வேண்டும், எந்த நேரத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்று நிதானிக்கக் கற்றுத்தருகிறது. பேஸ்புக்கில் யாரோ சபையைத் திட்டிப் போட்ட பதிவுக்குக் கீழே எழுதப் போகும் முன் இந்த இரண்டு வசனங்களையும் வாசித்தால் போதும், அரைவாசிச் சண்டை குறையும்.

கதைகள் இன்னொரு விதம். கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, தோல் மட்டும் நனைந்திருக்க வேண்டும், மறுநாள் தோல் மட்டும் காய்ந்திருக்க வேண்டும் என்று கடவுளிடம் அடையாளம் கேட்டான் (நியாயாதிபதிகள் 6). இதை வைத்து, 'நாளைக்கு இந்த நேரத்துக்குள் போன் வந்தால் இந்தச் சம்பந்தம் ஆண்டவருடைய சித்தம்' என்று சிலர் தோல் போடுகிறார்கள். கதையை முழுக்க வாசித்தால், என்ன செய்ய வேண்டும் என்று கிதியோனுக்கு ஏற்கெனவே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நம்ப முடியாமல் கேட்கிறான். இரண்டாம் தடவை கேட்கும்போது, என்மேல் கோபிக்க வேண்டாம் என்று பயந்து பயந்துதான் கேட்கிறான். கடவுள் அவனுடைய பயத்தோடு எவ்வளவு பொறுமையாக இருந்தார் என்பதுதான் அங்கே நாம் பார்க்க வேண்டியது. வேதத்தில் ஒருவர் செய்தார் என்பதற்காக நாமும் செய்ய வேண்டும் என்று இல்லை. யாக்கோபு தகப்பனை ஏமாற்றினான், தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்தான். அவை எழுதப்பட்டிருப்பது பின்பற்ற அல்ல என்று நமக்குத் தெரிகிறதே.

மொட்டைமாடிச் சுவரும் வேலிக்கம்பியும்

பழைய சட்டங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. ஏனென்றால் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தின் முதல் பாதியையும் ஆர்வமாக முடித்துவிட்டு, ஆசரிப்புக் கூடார அளவுகள் வரும் இடத்தில் நின்றுவிடுவார்கள். லேவியராகமம், உபாகமம் எல்லாம் நமக்கல்ல என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

உபாகமம் 22:8ஐ எடுத்துக்கொள்வோம். புது வீடு கட்டினால் மெத்தைக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது. அந்தக் காலத்து இஸ்ரவேலில் கூரை தட்டையாக இருக்கும். அங்கே தானியம் காயவைத்தார்கள், கோடையில் படுத்தார்கள், விருந்தாளிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். அப்படி ஆட்கள் நடமாடும் இடத்துக்குச் சுவர் கட்டாயம். எங்கள் ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையிலும் யாரும் ஏறிப் படுப்பதில்லை. அப்படியானால் இந்தச் சட்டத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லையா?

சட்டம் எதைக் காக்க வந்தது என்று கேட்டுப் பாருங்கள். உன் சொத்து, உன் வளவு, உன் வசதி என்று இருந்தாலும், அதனால் இன்னொருவர் உயிர் போகக்கூடாது என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் அக்கறை. விழுந்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரன் தப்பிக்க முடியாது. சுவர் கட்டுவது அவன் பொறுப்பு.

இனிப் படுவான்கரைப் பக்கம் வாருங்கள். வவுணதீவு, வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை என்று இறங்கினால் யானைத் தொல்லையும் பன்றித் தொல்லையும் எவ்வளவு என்று தெரியும். இரவோடு இரவாகச் சோளமும் நெல்லும் வாழையும் போய்விடும். அந்த வேதனையில் சிலர் வேலிக்கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். முறையான யானை வேலியில் மின்சாரம் விட்டுவிட்டு மிகச் சிறிய துடிப்பாக வரும். தொட்டால் தூக்கி அடிக்கும், ஆனால் கையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டு இணைப்பின் 230 வோல்ட் அப்படி அல்ல. பிடித்தவரை விடாது. விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போகிற அயல்வயல்காரரும் மாடு தேடிப் போகிற பையனும் அந்தக் கம்பியில் விழுந்து இறந்திருக்கிறார்கள். சிலவேளை கம்பி கட்டியவரின் வீட்டு ஆளே இறக்கிறார். இது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். வேதாகமத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும்: உபாகமம் 22:8 அந்தக் கம்பியைப் பற்றித்தான் பேசுகிறது. மூடாத கிணற்றைப் பற்றியும், பிரேக் பிடிக்காத உழவு இயந்திரத்தை ரோட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றியும்கூட. 'வேதத்தை வாழ்க்கையில் கடைப்பிடிப்பது' என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். வசனத்தைச் சொல்லுக்குச் சொல் காப்பியடித்தால் நம் கூரையில் தேவையில்லாத ஒரு சுவர் எழும். அதன் நோக்கத்தைப் பிடித்தால் ஒரு பையன் உயிரோடு வீட்டுக்கு வருவான்.

இதே புத்தகத்தின் 24:6, திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது, அது உயிரையே அடகு வாங்குவது போல என்கிறது. மா அரைக்கிற கல் போனால் அந்த வீட்டில் அன்றைய சாப்பாடு இல்லை. இன்று கிராமங்களில் வாராவாரம் நுண்கடன் கட்டும் பெண்களுக்குத் தையல் இயந்திரம்தான் திரிகைக் கல், மீனவருக்கு வலை. கடன் கொடுக்கிற தொழிலில் இருக்கிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'நீயோ கடன் வாங்காதிருப்பாய்' என்ற உபாகமம் 28இன் வரியைக் கடன்பட்ட பெண்ணுக்கு வாக்குத்தத்த அட்டையாகக் கொடுப்பது எளிது. அதே உபாகமத்தின் 24ஆம் அதிகாரத்தைக் கடன் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டுவதுதான் கஷ்டம். அந்த அட்டை எந்தப் பெட்டியிலும் கிடைப்பதில்லை.

ஆபத்தான இடங்கள் இரண்டு

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பிலிப்பியர் 4:13ஐப் பிள்ளைகள் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவார்கள். எழுதட்டும். ஆனால் 12ஆம் வசனத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் சிறையில் இருந்துகொண்டு, தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த 'எல்லாவற்றையும்' என்கிறார். மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கும் இந்த வசனம் உரியது, வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைக்கும் உரியது. முடிவு வந்த அன்று அறைக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை.

மற்றது நோய். ஜெபத்தினால் சுகம் கிடைக்கும் என்று வேதம் சொல்கிறது, நானும் நம்புகிறேன். ஆனால் 'விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு' என்று இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவர்களின் பேச்சை நம்பாதீர்கள். பவுலின் உடலில் பட்ட உருமால்களைக் கொண்டுபோய்ப் போட்டே நோயாளிகள் சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் 19:12 சொல்கிறது. அதே பவுல்தான், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4:20இல் எழுதுகிறார். அடிக்கடி வயிற்று நோய் வந்த தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைமருந்து சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:23). அவரோடு கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர். துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சுகமாகாத ஒருவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 'உங்களுக்கு விசுவாசம் குறைவு' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வசனம் சொல்கிறார் என்பதற்காக ஒருவரை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. இயேசுவைச் சோதிக்க வந்த சாத்தானும் வசனம் சொன்னான். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீதம் 91ஐ எடுத்துச் சொன்னான். இயேசு அதற்கு உபாகமம் 6:16ஐச் சொல்லி, கடவுளைப் பரீட்சை பார்க்காதே என்று பதில் கொடுத்தார் (மத்தேயு 4:5-7). ஒரு வசனத்தை மற்ற வசனங்களோடு வைத்துப் பார்க்க நமக்குக் காட்டிக்கொடுத்தவர் அவரே. பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. உங்கள் போதகரிடமோ ஃபாதரிடமோ மரியாதையாகக் கேள்வி கேட்பது அவிசுவாசம் ஆகாது.

எங்கே தொடங்கலாம்

ஆதியாகமத்தில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. பிலேமோனுக்கு எழுதிய கடிதம் மொத்தம் 25 வசனங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எஜமான் வீட்டை விட்டுப் போன ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் திருப்பி அனுப்புகிறார், இனி அடிமையாக இல்லாமல் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி. அவன் பட்ட கடன் ஏதும் இருந்தால் என் கணக்கில் வையும் என்கிறார். கடிதம் பிலேமோனுக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. எல்லோர் முன்பாகவும் இதைக் கேட்ட வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். பிறகு, நம் வீட்டில் வேலை செய்கிறவருக்கு எந்தக் கோப்பையில் தேநீர் கொடுக்கிறோம் என்றும் யோசியுங்கள். எங்கள் பெண்கள் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போய் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ, அதையும் சேர்த்து.

அதன் பிறகு மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரங்கள், ஒரு மழை நாளில் ஒரே இருப்பில் முடிக்கலாம், நாளுக்கு ஒன்றாகவும் போகலாம். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அந்தக் கோடுகளை வேதபாட வகுப்புக்குக் கொண்டுபோங்கள், வகுப்பு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டி இரண்டு பேராக உட்காருங்கள். அப்புறம், இந்த வருடம் உங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அந்த வசனம் வருகிற அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்துப் பாருங்கள்.